எரிந்தவர் கணக்கு

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அந்த இருட்டுக்குள் இருந்துதான் எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதை. கொஞ்சம் பஞ்சு, ஒரு சைக்கிள் வால்வு, ஒரு துண்டுக் கம்பி, அளந்து ஊற்றிய மண்ணெண்ணெய். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது, பல்கலைக்கழகம் போனது, டொக்டராகவும் எஞ்சினியராகவும் வந்தது என்று பெருமையோடு எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் பாராட்டினார்கள். கண் கலங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

ஒரு கிழமை கழித்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா. வெளிநாட்டுக்குப் போய்ப் பல வருடம். மலர் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். எல்லாரும் வந்திருக்கினம். என்னை மட்டும் விட்டிட்டாய்."

கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு வீட்டுச் சுகம் விசாரித்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அழைப்பு முடிந்த பிறகு வெகுநேரம் அப்படியே இருந்தேன். அவரை நான் மறந்திருக்கவில்லை. கட்டுரையின் முதற்படியில் அவர் இருந்தார். கட்டுரையின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். அதைத்தான் இன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது என் ஒருவனுடைய பிழை என்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். அந்த விளக்கைச் சுற்றி வளர்ந்த நாங்கள் எல்லோரும் செய்த பிழை என்பதால் எழுதுகிறேன்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் சங்கக்கடைப் பங்கீட்டில் அளந்து தரப்படும் பொருளானது. அதற்கு முன் வீடுகளில் அரிக்கன் லாம்பு இருந்தது, சிமினி வைத்த மேசை லாம்பு இருந்தது. அவை எண்ணெய் குடிக்கும் என்று பரணுக்குப் போயின. கையில் அகப்பட்ட போத்தலெல்லாம் விளக்கானது.

1993ஆம் ஆண்டு. அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டு விளக்கு ஒரு இருமல் மருந்துப் போத்தல். உயரமானது, ஒல்லியானது. மூடியில் ஆணியால் துளை போட்டு, தகரத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, பழந்துணித் திரி விட்டிருந்தார்கள். மூடியின் மரை தேய்ந்து போயிருந்தது. மேசையில் ஒரு விளக்கு, அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள். தம்பிக்காரன் அழிறப்பரை எடுக்கக் கை நீட்டினான். முழங்கை பட்டது. போத்தல் சரிந்தது. உருண்டைப் போத்தல் என்பதால் சரிந்த இடத்தில் நிற்கவில்லை. மேசை விளிம்பு வரை உருண்டு போய் அக்காவின் மடியில் விழுந்தது. மூடி கழன்றது. பாவாடை முழுக்க எண்ணெய். பிறகு நெருப்பு.

கூக்குரல் கேட்டு ஓடிப் போனவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குள் யாரோ சாக்குப் போட்டு நெருப்பை அணைத்திருந்தார்கள். முற்றத்தில் கிணறு. நான் துலாவைப் பிடித்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். பெரியவர் ஒருவர் தடுத்தார். "தண்ணி ஊத்தாதை, கொப்பளிக்கும்." வாளியைக் கீழே வைத்தேன். ஒருவர் பேனா மைப் போத்தலைக் கொண்டு வந்து ஊற்றினார். இன்னொருவர் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். சைக்கிளில் இருத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகும் வரை அந்தக் காயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பத்தடியில் கிணறு இருந்தது.

சூடு பட்ட உடனே, நெருப்பு அணைந்த பிறகு, சாதாரண குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து விடுவதுதான் எரிகாயத்துக்கு முதலுதவி. காயத்தின் ஆழத்தைக் குறைக்கக்கூடிய முதல் வேலை அது. எங்கள் கிணறுகள் அப்போது வற்றியிருக்கவில்லை. தடை விதிக்கப்பட்ட பொருள் அல்ல தண்ணீர். அறிவுதான் இல்லை. அந்த அறிவைத் தேடவும் இல்லை.

அக்கா உயிர் தப்பினார். வலக்கை விரல்களில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. பேனா பிடிக்க மறுபடி பழக வேண்டியிருந்தது. அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடமும் எழுதவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜாம் போத்தல் விளக்கு வேறு, அக்காவைச் சுட்ட குப்பி விளக்கு வேறு. நினைவுக் கட்டுரைகளில் நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். ஜாம் போத்தல் கட்டையானது, அகல வாயுடையது. அடியில் பஞ்சை அடைத்து அதில் எண்ணெயை ஊறவிடுவோம். வால்வின் உலோகக் குழாய்க்குள் திரியைச் செருகி, கம்பியால் போத்தல் வாயில் கொளுவித் தொங்கவிடுவோம். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். எண்ணெய் பஞ்சில் இருப்பதால் தட்டுப்பட்டாலும் அதிகம் சிந்தாது. எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கண்ட வழி, பிள்ளைகளையும் ஓரளவு காத்தது. காக்க வேண்டும் என்று நினைத்து நாங்கள் செய்யவில்லை, தற்செயலாக அமைந்தது. அது ஏன் ஆபத்துக் குறைந்தது என்று ஒருவராவது யோசித்திருந்தால் குப்பி விளக்கையும் திருத்தியிருப்போம்.

குப்பி விளக்கில் எல்லாமே பிழையாக இருந்தது. உயரம் கூட, அடி சிறிது, பாரம் குறைவு. கை பட்டால் சாயும், சாய்ந்தால் உருளும், உருண்டால் மூடி கழலும், மூடி கழன்றால் எண்ணெய் முழுவதும் வெளியே. சும்மா கிடக்கும் மண்ணெண்ணெய் எங்கள் வெயிலில் எளிதில் பற்றாது. அது 38 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்தத் துணிவில்தான் வீட்டில் வைத்துப் புழங்கினோம். ஆனால் அதே எண்ணெய் துணியில் ஊறினால் துணியே திரியாகிவிடும். அக்காவின் பாவாடைக்கு நடந்தது அதுதான். விளக்கு எரிவதற்கு எது காரணமோ அதுவே ஆளையும் எரித்தது.

இன்னொரு ஆபத்தும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்போது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இயந்திரத்தைத் தொடக்க மட்டும் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் அடிப்போம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரே மூலையில், ஒரே மாதிரிப் போத்தல்களில் இருந்தன. பெற்றோல் பூச்சியத்துக்கு மிகக் கீழேயுள்ள குளிரிலும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். அதில் கொஞ்சம் மண்ணெண்ணெயோடு கலந்துவிட்டாலே விளக்கு வெடிகுண்டுதான். போத்தலில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மணந்து பார்த்து ஊற்றினோம்.

இந்தச் சிக்கல் யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை. மின்சாரம் எட்டாத சிங்களக் கிராமங்களிலும், மலையகத்து லயன் காம்பராக்களிலும் இதே குப்பி விளக்குத்தான். மருந்துப் போத்தல், சாராயப் போத்தல், எரிந்துபோன மின்குமிழ், தகர டப்பா எல்லாம் விளக்காயின. அங்கெல்லாம் எரிந்துவந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். டொக்டர் விஜய கொடகும்புர. காயத்தைத் தைப்பதோடு தன் வேலை முடியவில்லை என்று நினைத்தார். விளக்கையே மாற்ற வேண்டும் என்று 1992இல் இறங்கினார். அவருக்கு வழிகாட்டியது வீட்டில் கிடந்த மார்மைட் போத்தல். கட்டையானது, தடித்த கண்ணாடி, திருகு மூடி. அதைப் பார்த்து அவர் உருவாக்கிய விளக்குக்குச் 'சுதீப' என்று பெயர். நல்விளக்கு என்று பொருள்.

அதன் அமைப்பைச் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் விளங்கும். உயரம் குறைவு, அடி பாரம், அதனால் இலகுவில் சாயாது. இரண்டு பக்கம் தட்டை, அதனால் சாய்ந்தாலும் உருளாது. உலோகத் திருகு மூடி, அதனால் விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது. தடித்த கண்ணாடி, அதனால் எளிதில் உடையாது. மலிவாகச் செய்ய முடிந்தது. லட்சக்கணக்கில் செய்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்தார். 1998இல் அந்த வேலைக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அக்காவின் மடியில் விழுந்த போத்தல் உருளாமல் இருந்திருந்தால்? மூடி கழலாமல் இருந்திருந்தால்? அவர் எரிவதற்கு ஒரு வருடம் முன்பே அந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு மருத்துவர் இதே தீவில் வேலை தொடங்கிவிட்டார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் போர் முனை இருந்தது, உண்மை. அதைக் காரணம் காட்டலாம், 1993க்கு மட்டும். பாதை திறந்த பிறகும் நாங்கள் கேட்கவில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரிய வந்தது மிகப் பிந்தி. தெரிந்த பிறகும் ஒரு வரி எழுதவில்லை. இதற்கிடையில், 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. பிறகு பலர் வன்னிக்குப் போனார்கள். கிடுகுக் கொட்டில்களில் அதே குப்பி விளக்கு மறுபடி எரிந்தது. கிடுகுக் கூரைக்குக் கீழ் திறந்த சுடர். அப்போதும் நாங்கள் விளக்கின் அமைப்பைப் பற்றிப் பேசவில்லை.

ஆபத்தான பொருளை விற்றவன் அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட முறை. அமெரிக்காவில் உயரமான ஹலோஜன் நிலைவிளக்குகள் திரைச்சீலையிலும் கட்டிலிலும் பட்டு வீடுகளை எரித்தன. 1997 ஜனவரியில் புகழ்பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் நியூயோர்க் வீடு அப்படி எரிந்தது. அதே வருடம் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து, வீடுகளில் இருந்த ஏறத்தாழ 4 கோடி விளக்குகளுக்குக் கம்பிவலைக் காப்பை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள்.

எங்கள் நாட்டிலும் அந்த உணர்வு இல்லாமல் இல்லை. 2021 கடைசியில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது நாடே கொதித்தது. சிலிண்டருக்குள் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று தேநீர்க் கடையில்கூடப் பேசினார்கள். ஜனாதிபதி குழு அமைத்தார். சில காலம் விநியோகம் நிறுத்தப்பட்டது. நானும் அப்போது கோபத்தோடு பேசினேன். கேட்க வேண்டியதுதான். கேட்டோம். ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு காலம் எங்கள் வீடுகளில் ஆட்களைச் சுட்ட விளக்கைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தவில்லை, ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை. குப்பி விளக்குக்குக் கம்பனி இல்லை, முத்திரை இல்லை, குற்றம் சாட்ட ஆள் இல்லை. அதைச் செய்தவர் அப்பா, மாமா, அண்ணா. திருப்பி எடு என்று யாரிடம் சொல்வது? எங்களிடமே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் கடினமாக இருந்தது.

நாங்கள் செய்த பிழைகளை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எரிந்ததை விதி என்றோம். "அவளின்ரை காலம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே அதே மாதிரிப் போத்தலில் துளை போட்டோம். விதி என்று சொன்னால் மூடியைப் பார்க்கத் தேவையில்லை.

எண்ணெய்க்குக் கணக்கு வைத்தோம். ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இரவு வரும் என்று எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். எந்த ஒழுங்கையில் எத்தனை பேர் எரிந்தார்கள் என்று கேட்டால் இன்றும் எங்களிடம் பதில் இல்லை. ஷெல்லில் செத்தவர்களின் பெயர்களைச் சேர்த்தோம், சேர்க்கத்தான் வேண்டும். விளக்கில் செத்தவர்களும் அந்தத் தடையில்தான், அந்த இருட்டில்தான் செத்தார்கள். அவர்களை வீட்டு விபத்து என்று தனியே ஒதுக்கினோம். எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

எரிந்த பெண்களைச் சந்தேகித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றித் தன்னை எரித்துக்கொண்ட பெண்களும் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். அதனால் ஒரு பெண் எரிந்து கிடந்தால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன் ஏன் செய்தாள் என்று குசுகுசுத்தோம். விளக்குத் தட்டுப்பட்டு எரிந்தவள் அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தாள். மறுபக்கம், கொடுமை தாங்காமல் தன்னை எரித்துக்கொண்டவளின் கதையை 'விளக்குத் தட்டுப்பட்டது' என்று சொல்லி மூடினோம். இரண்டு பேருக்கும் நாங்கள் நீதி செய்யவில்லை.

உயிர் தப்பியவர்களை முகத்துக்கு நேரே பார்க்கவில்லை. அக்கா நீளக்கைச் சட்டை போடத் தொடங்கியபோது காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்தோம். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அவருடைய கையைப் பற்றி முந்திக்கொண்டு சொன்னவர்களும் நாங்கள்தான். எரிகாயம் ஆறினாலும் தோல் சுருங்கும், அதற்குப் பயிற்சி வேண்டும், மறுபடி சத்திரசிகிச்சை வேண்டும், மாதக்கணக்கில் துணை வேண்டும். எங்கள் துணை ஆசுபத்திரி வாசலோடு நின்றது.

கடைசிப் பிழைதான் என் கையால் நடந்தது. அந்த விளக்கைப் புகழ்ந்தோம். பாடசாலை மலர், நினைவுப் பகிர்வு, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் அது எங்கள் மனவுறுதியின் அடையாளமானது. அதில் படித்து வென்றவர்களை வரிசையாகச் சொன்னோம். புகழுக்கு உரிய விடயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே விளக்கின் கீழே படிப்பை இழந்தவர்களை அந்த வரிசையில் விடவில்லை. வென்றவர்கள் எழுதினார்கள். எரிந்தவர்களிடம் யாரும் கட்டுரை கேட்கவில்லை. புகழ்ந்து புகழ்ந்து அந்தப் பொருளைக் குற்றமற்றதாக்கினோம். குற்றமற்ற பொருளை யார் திருத்துவார்கள்?

அதன் விளைவை 2022இல் கண்ணால் பார்த்தேன். மின்வெட்டு நீண்டபோது எங்கள் பகுதியில் ஒரு தகப்பன் தன் மகனுக்குக் குப்பி விளக்குச் செய்து காட்டினார். மருந்துப் போத்தல், ஆணித் துளை, தகரக் குழாய், பழந்துணித் திரி. 1993இல் பார்த்த அதே விளக்கு. "எங்கடை காலத்திலை இதுதான் தம்பி" என்றார். பையன் ஆசையோடு பார்த்தான். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திருகிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை எழுதி முடித்தேன்.

அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மின்கட்டணமும் ஏறியது. இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகளில் விளக்கு இன்றும் தேவைதான். உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கச் சொன்னது. சூரியஒளி விளக்கு வாங்கக் கூடியவர்கள் வாங்குங்கள், வாங்க இயலாத அயலாருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாடசாலைக்கு மணிக்கூடும் மேசையும் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், இருட்டில் இருக்கும் வீடுகளுக்கு விளக்கு அனுப்பட்டும்.

அதுவரைக்கும், உங்கள் பரணிலோ அடுப்படியிலோ குப்பி விளக்கு இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். உயரமானதா? தட்டினால் உருளுமா? மூடி இறுகத் திருகுமா? ஒன்றுக்காவது விடை பிழை என்றால் அதை உடைத்துப் புதையுங்கள். ஞாபகத்துக்கென்று வைத்திருக்க வேண்டாம். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பெற்றோல் போத்தலையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். யாராவது எரிந்தால் நெருப்பைச் சாக்காலோ கனத்த துணியாலோ மூடி அணையுங்கள். அணைந்த பின் காயத்தில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள். மை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டாம். உங்களைத் தடுக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். வாளியைக் கீழே வைக்காதீர்கள்.

பிறகு நானே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதை. நடந்ததைப் போடு" என்றார். போட்டிருக்கிறேன். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். போய் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அந்த விளக்கைச் செய்தவர்கள் நாங்கள். திருப்பி எடுக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.